வாசகர் கேள்வி – பதில்: வாளேந்திய சிங்கமும் நெற்கதிரும்

சுதந்திர தினத்தையொட்டி வெளிவந்த எமது இதழில் இலங்கையின் தேசியக் கொடியைப் பற்றிய சிறு குறிப்பொன்று இடம்பெற்றிருந்தது. கருஞ்சிவப்பு சிங்களவரையும், செம்மஞ்சள் தமிழரையும், பச்சை முஸ்லிம்களையும் குறிக்கும் என்ற வழக்கமான விளக்கத்தோடு அது முடிந்திருந்தது. அந்த விளக்கம் போதவில்லை என்பதை மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: தரம் 9 மாணவர்களுக்குத் தேசிய இலச்சினையைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நெல் இருக்கிறது, தேயிலை ஏன் இல்லை?" என்று கேட்டாள். உடனே சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேயிலையை இலச்சினையில் வைத்திருக்கும் நாடுகள் ஏதும் உண்டா?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: முதலில் இலச்சினையில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பார்ப்போம். நடுவே கருஞ்சிவப்புப் பின்னணியில், வலது முன்காலில் வாளேந்திய பொன்னிறச் சிங்கம் நிற்கிறது. அதைச் சுற்றித் தாமரை இதழ்கள் வளையமாக அமைந்துள்ளன. கீழே ஒரு பூரண கலசம் இருக்கிறது. அதிலிருந்து எழும் நெற்கதிர்கள் இருபுறமும் வளைந்து மேலேறுகின்றன. அடியில் சூரியனும் சந்திரனும், உச்சியில் தர்மச் சக்கரமும் உள்ளன. 1972ஆம் ஆண்டு நாடு குடியரசானபோது இந்த இலச்சினை நடைமுறைக்கு வந்தது. அதற்கான குழுவுக்கு நிசங்க விஜேரத்ன தலைமை தாங்கினார், வடிவமைத்தவர் மாபலகம விபுலசார தேரர், வரைந்தவர் எஸ்.எம். செனவிரத்ன.

இந்தப் பொருள்களில் பல எங்கள் வீடுகளுக்கு அந்நியமானவை அல்ல. கலியாண வீட்டு வாசலில் வைக்கும் நிறைகுடந்தான் அந்தக் கலசம். சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்தத் தானம் நிலைக்கட்டும் என்று சோழர் காலக் கல்வெட்டுகளும் கூறுகின்றன. ஆனால் இவை அனைத்தும் அரசர் காலத்துப் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குளம், வயல், விகாரை, அரியணை என்ற உலகத்திலிருந்தே அவை தெரிவு செய்யப்பட்டுள்ளன. தேயிலையோ 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டதிலிருந்து வணிகப் பயிராக வளர்ந்தது. இலச்சினை உருவான 1972இல் பெரிய தோட்டங்களில் கணிசமானவை இன்னும் பிரித்தானியக் கம்பனிகளின் கையிலேயே இருந்தன. அவை அரசுடைமையானது 1975இல்தான். குடியேற்ற ஆட்சியின் அடையாளங்களை அகற்றிவிட்டுப் பழைய அரசுகளின் தொடர்ச்சியைக் காட்ட விரும்பியவர்களின் கண்ணுக்குத் தேயிலை வெள்ளைக்காரன் கொண்டுவந்த பயிராகவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அதைப் பறித்த கைகள் யாருடையவை என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவில்லை.

தேயிலையை வைத்திருக்கும் நாடுகள் உண்டு. கென்யாவின் இலச்சினையில் கேடயத்துக்குக் கீழே கென்ய மலை வரையப்பட்டிருக்கிறது. அதன் அடிவாரத்தில் கோப்பி, சோளம், அன்னாசி முதலியவற்றோடு தேயிலையும் இருக்கிறது. பாகிஸ்தானின் கதை இன்னும் சுவையானது. அந்நாட்டு இலச்சினையின் கேடயம் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பருத்தி, சணல், தேயிலை, கோதுமை ஆகிய நான்கு பயிர்களைத் தாங்கியுள்ளது. 1950களில் அது ஏற்கப்பட்டபோது தேயிலையும் சணலும் கிழக்குப் பாகிஸ்தானின் செல்வங்களாக இருந்தன. 1971இல் அந்தப் பகுதி பங்களாதேஷாகப் பிரிந்தது. சில்ஹட்டின் தேயிலைத் தோட்டங்கள் போய்விட்டன, கேடயத்தில் மட்டும் தேயிலை இன்னும் இருக்கிறது. பங்களாதேஷோ தன் இலச்சினையில் அல்லிப்பூவையும் நெற்கதிரையும் சணல் இலையையும் வைத்துக்கொண்டு, தேயிலையை விட்டுவிட்டது.

பயிர் இடம்பெற்றால் அதை வளர்த்தவருக்கும் இடம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுபோகப்பட்ட நாடுகள் மொரீசியசும் பிஜியும். மொரீசியஸ் இலச்சினையில் கேடயத்தைத் தாங்கும் டோடோப் பறவையும் மானும் ஆளுக்கொரு கரும்பைப் பிடித்திருக்கின்றன. பிஜியின் கேடயத்திலும் தென்னை, வாழைக்குலை, புறா ஆகியவற்றோடு கரும்பு உண்டு. அந்தக் கேடயத்தைத் தாங்கி நிற்பவர்கள் பிஜியின் பூர்வகுடி வீரர்கள் இருவர். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்பை வெட்டியவர்களின் உருவம் இரண்டு படங்களிலும் கிடையாது. கயானாவின் இலச்சினை மட்டும் ஓரளவு வேறுபடுகிறது. அங்கே ஒரு சிறுத்தை இனப் பூனையின் கையில் மண்கொத்தும் கருவியும், மற்றதன் கையில் கரும்பும் நெற்கதிரும் கொடுக்கப்பட்டுள்ளன. உழைப்புக்கென்று ஒரு கருவியையாவது வைத்தார்களே என்று ஆறுதல் கொள்ளலாம்.

உங்கள் மாணவியிடம், அது நல்ல கேள்வி என்று முதலில் சொல்லுங்கள். ஒரு சின்னத்தில் இருப்பவற்றைப் பட்டியலிடுவது பரீட்சைக்குப் போதும். இல்லாதவற்றைக் கேட்பவருக்குத்தான் அதைத் தீட்டியவர்களின் மனம் விளங்கும்.

கேள்வி: கொடியில் உள்ள சிங்கம், செம்மஞ்சள், பச்சைக் கோடுகளைப் பார்த்து வாளை ஓங்கியபடி நிற்கிறது. சிறுபான்மையினரை மிரட்டுவதற்காகவே அப்படி வரைந்தார்கள் என்று எங்கள் தேநீர்க்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அத்துடன், அந்தச் செம்மஞ்சள் கோட்டுக்குள் மலையகத் தமிழரும் அடங்குகிறோமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: முதல் கேள்விக்கு இல்லை என்பதே பதில். கொடிகளில் விலங்குகள் கம்பத்தை நோக்கி நிற்பது பெருவழக்கு. காற்றில் கொடி முன்னேறும்போது விலங்கும் முன்னோக்கிச் செல்வது போலத் தோன்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேல்ஸ் நாட்டின் சிவப்பு டிராகன் அப்படித்தான் நிற்கிறது. விதிவிலக்காகப் பூட்டான் நாட்டு டிராகன் கம்பத்துக்கு முதுகு காட்டுகிறது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி முதன்முதலில் ஏற்றப்பட்ட கொடியில் இந்தக் கோடுகளே இருக்கவில்லை. அப்போதும் சிங்கம் இதே திசையைப் பார்த்துத்தான் நின்றது. அதன் முன்னால் கோடுகளைக் கொண்டுவந்து வைத்தது பின்னர் நடந்த காரியம். கம்பத்தை அடுத்த பகுதி கொடியின் மதிப்புக்குரிய இடம் என்பதால், கோடுகளை அங்கே வைத்ததைப் பெருமையென்று வாதிடுபவர்களும் உண்டு.

ஆனால் உங்கள் நண்பரைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அரசுகளே பெரிய விடயமாகக் கொள்வதுண்டு. அமெரிக்க ஜனாதிபதியின் கொடியிலுள்ள கழுகு முன்னர் அம்புகளைப் பிடித்த காலின் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. 1945இல், உலகப் போர் முடிந்த கையோடு, ஜனாதிபதி ட்ரூமன் அதன் தலையை ஒலிவ் கிளையின் பக்கம் திருப்பச் செய்தார். வரைந்தவருடைய நோக்கம் ஒன்றாகவும் பார்ப்பவருடைய மனத்தில் பதிவது வேறொன்றாகவும் இருக்கலாம். பிந்தியதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது அரசின் கடமை.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு தேவை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியைத் தேசியக் கொடியாக்க வேண்டும் என்ற பிரேரணையை 1948 ஜனவரியில் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. அதன் பின்னர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜே.ஆர். ஜயவர்தன, ஜோன் கொத்தலாவல, எல்.ஏ. ராஜபக்ஷ, ரி.பி. ஜாயா, ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் அதில் இருந்தனர். சிங்கத்தின் சதுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இரண்டு கோடுகளைச் சேர்க்கும் ஏற்பாட்டைப் பெரும்பான்மையினர் ஏற்றனர். செனட்டர் நடேசன் ஒருவரே உடன்படாமல் மாற்றுக் குறிப்பு எழுதினார். 1951 மார்ச் 2ஆம் திகதி அந்த வடிவத்தைப் பாராளுமன்றம் ஏற்றது.

அந்தக் குழுவின் பெயர்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியென்று அதில் ஒருவரும் இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தும் நிலைமை அதுவே. குழு கூடிக் கோடுகளின் அகலத்தைப் பேசிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, எங்கள் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. எனவே 1951இல் கொடிக்குத் தமிழருக்கென்று ஒரு கோடு வந்தபோது, அது யாரையெல்லாம் குறித்தது என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. எங்கள் மக்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவில் தீர்ந்தது.

இன்று நிலைமை என்ன? அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, இரண்டாம் அட்டவணையில் காட்டப்பட்டுள்ள சிங்கக் கொடியே தேசியக் கொடி என்று மட்டும் கூறுகிறது. அட்டவணையில் இருப்பது ஒரு படம். எந்த நிறம் எவரைக் குறிக்கும் என்று அதில் எழுதப்படவில்லை. நிறங்களுக்கான விளக்கம் குழுக்களின் அறிக்கைகளிலும் அரச பிரசுரங்களிலும் பாடநூல்களிலும் வளர்ந்தது. சிங்கத்தின் வாலிலுள்ள எட்டு மயிர்கள் அட்டாங்க மார்க்கம், தாடி தூய சொல், மூக்கு அறிவு, வாளின் பிடி நான்கு பூதங்கள் என்று நீளும் பட்டியலும் அவ்வாறு சேர்ந்ததே. (பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு என் அனுதாபம்.) ஆகவே செம்மஞ்சள் கோட்டுக்குள் நாங்கள் இல்லையென்று சொல்லும் அதிகாரம் எந்தச் சட்டத்துக்கும் கிடையாது. பிரஜைகள் என்ற வகையில் அந்தக் கொடி முழுவதும் எங்களுடையது. ஒரு கோட்டுக்குள் இடம் கேட்டு நிற்பதைவிட அது உறுதியான நிலைப்பாடு என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையிலிருந்து போகும் தேயிலை, கொழும்பில் பொதி செய்யப்பட்டபின் அதன் மேல் சிங்கம் போடுகிறார்கள். அது தேசியக் கொடியின் சிங்கமா?
– ஒரு தொழிற்சாலை உத்தியோகத்தர், மஸ்கெலியா

பதில்: அதுவும் வாளேந்திய சிங்கந்தான். ஆனால் அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான வணிகக் குறி. முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தர நிபந்தனைகளை நிறைவு செய்த பொதிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும். வெளிநாட்டுக்கு மொத்தமாகப் போய் அங்கே வேறு நாட்டுத் தேயிலையோடு கலக்கப்படுவதற்கு அந்தச் சிங்கம் கிடையாது. காட்டில் சிங்கமே இல்லாத நாட்டில் இவ்வளவு சிங்கமா என்று கேட்காதீர்கள். இங்கிலாந்து, நோர்வே, பின்லாந்து நாட்டு இலச்சினைகளிலும் சிங்கமே ஆட்சி செய்கிறது.

கேள்வி: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழிவந்தவன், பிறப்புப் பெயர் கண்ணுசாமி. அப்படியானால் அவனுடைய கொடியான சிங்கக் கொடி உண்மையில் தமிழருடைய கொடிதானே?
– ஒரு வாசகர், மாத்தளை

பதில்: அரசனைப் பற்றி நீங்கள் கூறுவது சரி. 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கனோடு கண்டி அரியணை நாயக்கர் வழிக்குச் சென்றது. 1798இல் முடிசூடிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு அது முடிவுற்றது. அவன் சிறைபிடிக்கப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். ஆனால் முடிவை நான் ஏற்கமாட்டேன். அரச சின்னம் அரியணையைச் சேர்ந்தது; அதில் அமர்பவரின் பிறப்பைப் பொறுத்து அது மாறுவதில்லை. கண்டிக்கு வந்த நாயக்கர்கள் அந்த அரியணையின் சமயத்தையும் சடங்கையும் பெயரையும் போலவே அதன் கொடியையும் ஏற்றுக்கொண்டார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, உபசம்பதா என்னும் பிக்குகளின் உயர் துறவுச் சடங்கை மீளத் தொடங்கச் செய்ததும் அந்த ஏற்பின் ஒரு பகுதி. மீன், புலி, வில் என்று தமிழ் மூவேந்தருக்கு இருந்த சின்னங்களிலோ, யாழ்ப்பாண அரசர் தம் சேது நாணயங்களில் பொறித்த நந்தியிலோ சிங்கத்தைத் தேடிப் பயனில்லை. அதற்காக அது தனிச் சிங்களக் கொடி என்று கூறிவிடவும் முடியாது. மதுரையிலிருந்து பெண்ணெடுத்து, சிங்களப் பிரதானிகளைக் கொண்டு ஆண்ட ஓர் அரசின் கொடி அது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறொரு செய்தி உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரச மண்டபமான மகுல் மடுவவில், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை அறிவிக்கப்பட்ட பின்னர், அரசனின் கொடியை ஆங்கிலேயர் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். லண்டனில் செல்சி அரச மருத்துவமனையில் அது கிடந்ததை ஈ.டபிள்யு. பெரேரா கண்டறிந்தார், நூற்றாண்டு நிறைவான 1915இல் அதன் படம் தினமின பத்திரிகையில் வெளிவந்தது. தோற்றவனின் சின்னத்தை வென்றவன் எடுத்து வைத்துக்கொள்வது உலகெங்கும் நடந்த வழக்கம். சோழரின் செப்பேட்டு முத்திரைகளில் புலியின் அருகே பாண்டியரின் இரட்டை மீனும் சேரரின் வில்லும் பொறிக்கப்பட்டிருப்பதும் அதே காரணத்தால்தான். எங்கள் முன்னோர் பெருமையோடு செய்ததையே ஆங்கிலேயரும் செய்தார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கொடியின் மூலைகளிலுள்ள நான்கு அரசிலைகளும் மெத்தா, கருணை, முதிதை, உபேக்கை என்ற நான்கு பௌத்த நற்குணங்களைக் குறிக்கின்றன. அவை 1972இல் வந்தவை. அதே ஆண்டு வேறொன்று மறைந்தது. 1954 முதல் வழங்கிய பழைய இலச்சினையில், சிங்கத்துக்கு மேலே கண்டி அரசரின் முடியும், கீழே நாட்டின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்கிய நாடாவும் இருந்தன. புதிய இலச்சினையில் எழுத்தே கிடையாது. முடி போனதற்குக் குடியரசு காரணம் என்று விளங்குகிறது. நாடாவை எடுத்ததால் சின்னம் அழகாகியிருக்கலாம். தமிழ் எழுத்து இருந்த ஓரிடம் அத்தோடு இல்லாமற் போனது.

கேள்வி: இந்திய அரசு முத்திரையில் மூன்று சிங்கங்களா, நான்கா? அவர்களிடமும் சக்கரம், எங்களிடமும் சக்கரம் இருப்பது எப்படி?
– ஒரு மாணவி, பதுளை

பதில்: நான்கு. சாரநாத்தில் அசோகர் நாட்டிய தூணின் சிகரத்தில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. படத்தில் பின்னால் உள்ளது மறைந்துவிடுகிறது. 1950 ஜனவரி 26ஆம் திகதி இந்தியா அதை ஏற்றுக்கொண்டு, கீழே முண்டக உபநிடதத்தின் "சத்யமேவ ஜயதே" என்ற தொடரைச் சேர்த்தது. இரு நாட்டுச் சக்கரங்களுக்கும் மூலம் புத்தரின் முதற் போதனையைக் குறிக்கும் தர்மச் சக்கரமே. இந்தியக் கொடியில் அது 24 ஆரங்களோடு நடுவில் இருக்கிறது. காவி துறவையும், வெண்மை ஒளியையும், பச்சை மண்ணோடுள்ள உறவையும் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் ராதாகிருஷ்ணன் விளக்கினார். இந்தியா நிறங்களுக்குக் குணங்களைப் பொருளாகச் சொன்னது. நாங்கள் இனங்களைப் பொருளாகச் சொன்னோம். எனக்கு முதலாவதே பிடிக்கும். குணத்தில் எவரும் பங்கு கேட்டுச் சண்டைக்கு வரமாட்டார்.

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர் வாசகர் வட்டத்துக்கு ஒரு கொடியும் இலச்சினையும் வரைய விரும்புகிறோம். கவனிக்க வேண்டியவை எவை?
– வட்டச் செயலாளர், ஹப்புத்தளை

பதில்: பொருள்களை அடுக்க வேண்டாம். மலை, நீர்வீழ்ச்சி, கொழுந்து, கூடை, புத்தகம், பேனா, விளக்கு, உதயசூரியன் என்று எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் திணித்தால் பத்து யார் தூரத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டைத் தெரிவு செய்யுங்கள். நிறத்தில் ஐரோப்பிய இலச்சினைக் கலையின் பழைய விதியொன்று இன்றும் உதவும். பொன்னையும் வெள்ளியையும், அதாவது மஞ்சளையும் வெள்ளையையும், அவர்கள் உலோகங்கள் என்பர். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவற்றை நிறங்கள் என்பர். நிறத்தின் மேல் நிறத்தையோ உலோகத்தின் மேல் உலோகத்தையோ வைக்கக்கூடாது. கருஞ்சிவப்பின் மேல் பொன் சிங்கம் தூரத்திலும் துலங்குவது இதனால்தான். பச்சைத் துணியில் நீலப் புத்தகம் வரைந்தால் அது மூடுபனியில் காணாமற் போகும், அதுவும் உங்கள் ஊர் மூடுபனியில்.

அடுத்ததாக, படத்தோடு நிறுத்தாமல் வருணனையையும் எழுதி வையுங்கள். ஐரோப்பிய மரபில் எழுத்தில் உள்ள வருணனையே மூலம். ஓவியர் அதைப் பார்த்துத் தம் கைக்கேற்ப வரைவார். நேபாளம் ஒரு படி மேலே போய், இரட்டை முக்கோணக் கொடியை எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்கு வரைய வேண்டும் என்பதைக் கேத்திர கணிதப் பாடம் போல அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. உங்களுக்கு ஒரு பந்தி போதும். கொடியின் அளவு, நிறங்கள், எது எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பொருள் எதைக் குறிக்கிறது என்பவற்றை எழுதி, பொதுக்கூட்டத்தில் வாசித்து, கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதிந்து, அங்கத்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். பொருள் சொல்லும் வரியை எழுதும்போது தோட்டத்திலுள்ள எல்லாப் பிரிவினரும் அறையில் இருக்கட்டும். கடைசியாக, வரைந்ததை ஓர் இறப்பர் முத்திரையின் அளவுக்குச் சுருக்கிக் கறுப்பு மையில் அச்சிட்டுப் பாருங்கள். அதிலும் அடையாளம் தெரிந்தால் தையற்காரரிடம் கொடுக்கலாம்.